சத்தம் வராத துப்பாக்கி

"சத்தம் வரக்கூடாதுங்க" என்று கௌசிகா சொன்னது கடைக்காரருக்குக் கேட்கவில்லை. அவர் காதருகே கையைக் குவித்துக்கொண்டு, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங் அம்முணி" என்றார். இரண்டாம் முறை சொல்ல வேண்டும் என்று நினைத்ததுமே அவளுக்குக் களைப்பாக இருந்தது. சரவணம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம்தான். வீட்டுக்குப் பின்னால் வட்டம் போட்ட அட்டையை வைத்துச் சுட ஒரு ஏர் ரைபிள் வேண்டும், குறி தப்பக்கூடாது, சத்தம் வரக்கூடாது. உள்ளே அது கணீரென்றுதான் இருந்தது. வாய்க்கு வந்ததும் பாதி கரைந்துவிட்டது. இப்போதெல்லாம் எல்லாமே இப்படித்தான். மளிகைக் கடையில் அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்கக்கூட இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பும் அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை, ஆனால் பேசினால் கேட்கும். "சத்தம் வரக்கூடாது" என்று இந்த முறை தொண்டையைப் பிடித்துத் தள்ளிச் சொன்னபோது, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். தோளில் துண்டு, காலில் செம்மண். தொண்டாமுத்தூர் பக்கத்து விவசாயி என்று கடைக்காரர் சென்னியப்பன் அவரை அறிமுகம் செய்து வைத்துவிட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா, நீங்க நல்லாச் சத்தம் வர்ற துப்பாக்கி கேக்கறீங்க, குறி எப்படிப் போனாலும் பரவால்லைன்னு. இந்தம்முணிக்குக் குறி வேணுமாம், சத்தம் ஆகாதாம். ரெண்டு பேரையும் கலக்கிப் பிரிச்சா நான் நிம்மதியா யாவாரம் பண்ணுவேன்." தொண்டாமுத்தூர்க்காரர், "என்ன பண்றதுங், கொரங்கு வந்து தென்னையில குரும்பையெல்லாம் உருட்டுது. கொல்லறதுக்கில்லீங், டம்முன்னு ஒரு சத்தம் வந்தாப் போதும், ஓடீரும்" என்றார். சத்தம் வந்தால் ஓடிவிடும். அவளுடைய வீட்டிலும் அப்படித்தான், சத்தம் வந்தால் தூக்கம் ஓடிவிடும். ஓடினது திரும்பி வராது. அப்புறம் ராத்திரி முழுக்க அவள் புருஷன் அந்த ஓடிப்போன தூக்கத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும்.

சென்னியப்பன் கண்ணாடி மேசைமேல் ஒரு துண்டை விரித்து இரண்டு துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, ஒல்லி, பிளாஸ்டிக் கட்டை. "இது சத்தமே வராதுங். பக்கத்து ரூமுல குழந்தை தூங்கும்." இன்னொன்று நீளம், மரக்கட்டை, கன்னம் வைக்கும் இடத்தில் மேடு. "இது குறி. ஆனா ஸ்பிரிங்கு பெருசு, டப்புன்னு ஒண்ணு வரும், கொஞ்சம் ங்ங்னு இழுக்கும்." மூன்றாவதாகக் காற்று நிரப்புகிற சிலிண்டர் வைத்த ஒன்றும் சுவரில் தொங்கியது. அதில் குறியும் உண்டு, சத்தமும் இல்லை, ஆனால் அதன் விலையைக் கேட்டதும் அவள் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள். மரக்கட்டைத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாள். எடை. இந்த எடையைக் கை மறக்கவில்லை என்பதே ஒரு சின்ன ஆறுதலாக இருந்தது. குழலை மடக்கி, ஸ்பிரிங் கடக்கென்று பிடித்ததும் நிமிர்த்தி, சுவரில் இருந்த காலண்டரின் தேதிக்குக் குறி வைத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, விரல் தானாகவே வளைய, "ஐயோ, வேண்டாமுங்! வேண்டாமுங்!" என்று சென்னியப்பன் மேசையைத் தாண்டிக் கையை நீட்டிவிட்டார். ரவை இல்லாமல் சுட்டால் ஸ்பிரிங்கும் வாஷரும் மோதிப் போய்விடுமாம். அவள் முகம் சூடாகிப் போயிற்று. "என்சிசில டிரை பிராக்டிஸ் பண்ணுவோங்க, வெறுமனே..." "அது வெடிமருந்துத் துப்பாக்கிங். இது காத்து. உள்ள ஏதாச்சும் இருந்தாத்தான் வெளிய தள்ளும், இல்லீன்னா தன்னையே அடிச்சுக்கும்." அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரவை டப்பாவைத் தேடப் போய்விட்டார். அவள் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

கைதான் பயம். துப்பாக்கி வாங்க வந்ததே இந்தக் கைக்காகத்தான், அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் லோகநாதனிடம் பொழுதுபோக்குக்கு என்று சொன்னாள். அவன் நல்லவன், அது வேறு களைப்பு. "வாங்கிக்கோ கௌசி, மனசுக்கு நல்லது, சத்தம் மட்டும் வராமப் பாத்துக்கோ" என்று சொல்லி, எது எத்தனை டெசிபல் என்று அவனே தேடி அனுப்பினான். எங்கோ ஒரு தேசத்தில் விடிந்தால் அவனுக்கு வேலை, அங்கே இருட்டினால் அவனுக்குத் தூக்கம், இங்கே வெயில். படுக்கையறை ஜன்னலுக்குத் தெர்மோகோல் அடைத்துக் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறது. அந்த ஜன்னலுக்கு வெளியேதான் பின்னிடம், துணி காயப்போடும் கம்பி, ஒரு பப்பாளி மரம், அப்புறம் சுவர். அவன் தூங்கும்போது அவள் விழித்திருக்க வேண்டும், கேட்டைத் தட்டுகிறவர்களைக் கையசைத்துத் திருப்ப வேண்டும். அவன் வேலைக்குப் போன பிறகு தனியாகப் படுத்தால் தூக்கம் வராது. பகல் அவனுடையது, ராத்திரி யாருடையதோ. குக்கர் முதல் விசில் எடுப்பதற்கு முந்தைய அந்த இரைச்சல் அவளுக்குத் தெரியும், ஒரு பெருமூச்சு மாதிரி ஏறும். அப்போது ஓடிப்போய்க் கரண்டியால் வெயிட்டைத் தூக்கிப் பிடிப்பாள். மிக்ஸியைக் கனமான துண்டில் சுற்றிக் குளியலறைக்குள் கொண்டுபோய் ஓட்டுவாள். வாசல் மணியின் வயரை அவளே கழற்றினாள். தக்காளி வண்டிக்காரர் அவர்கள் வீட்டு முன்னால் வரும்போது மைக்கை அணைத்துவிடுவார், தூங்கறவங்க வீடு என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது. கொலுசை யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஒரு நாள் பார்த்தால் கழற்றியிருந்தாள். இவ்வளவுக்கும் மீறி ஒரு மூடி கையிலிருந்து நழுவும், அது தரையில் சுற்றிச் சுற்றி, நிற்கவே மாட்டேன் என்று, சுற்றிச் சுற்றி. உள்ளேயிருந்து வரும்: "என்ன சத்தம்?" அவள் சொல்வாள்: "ஒண்ணுமில்லீங்க, நீங்க தூங்குங்க." ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாளோ, ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை நாக்கில் ஒரு புண் மாதிரி தங்கிவிட்டது. போன மாதம் அவனுக்குக் காபி கொண்டுபோகும்போது டம்ளரும் டபராவும் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று நடுங்கின. சத்தம் வரக்கூடாதே என்று இறுக்கிப் பிடித்தாள், இன்னும் நடுங்கின. காபி தளும்பி விரலைச் சுட்டது. அப்போதுதான் கீழே பார்த்தாள். அது அவளுடைய கையா.

மதுக்கரைத் துப்பாக்கி ரேஞ்சில் அந்தக் கை நடுங்கினதில்லை. காலேஜில் என்சிசியில் சேர்ந்ததே கேண்டீனில் கூட்டமாக உட்கார்ந்து பேச வேண்டியதிலிருந்து தப்பிக்கத்தான். மைதானத்தில் நிற்க வைத்துக் கத்தினார்கள், திரும்பிக் கத்தச் சொன்னார்கள், அவளுக்கு வரவில்லை. பிறகு ஒருநாள் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார்கள். தரை சுட்டது, சரளைக்கல் முழங்கையில் குத்தியது, கன்னத்தில் மரக்கட்டை, எண்ணெய் வாசனை. படுத்துக்கொண்டால் யாருக்கும் முகம் தெரியாது. யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள். தோளில் இறுக்கு, இன்னும் இறுக்கு, உன் எலும்பு மாதிரி இருக்கணும் என்று ஹவில்தார் காலால் முழங்கையைத் தட்டிச் சரிசெய்தார். முதல் குண்டு. பக்கத்தில் படுத்திருந்தவள் வீல் என்று காதைப் பொத்திக்கொண்டாள். கௌசிகாவுக்கு அந்தச் சத்தம் மலையில் போய் மோதித் திரும்பி வந்தது பிடித்திருந்தது. இதை நான் செய்தேன் என்று நினைத்தாள், இவ்வளவு பெரிய சத்தத்தை. யாரும் என்ன அது என்று கேட்கவில்லை. எல்லோரும் சத்தத்தை விட்டுவிட்டு அட்டையைப் பார்க்கப் போனார்கள். ஐந்து ஓட்டையையும் ஒரு ரூபாய்க் காசு வைத்து மூடலாம் போல இருந்தது. ஹவில்தார் காசை வைத்து மூடியே காட்டி, அதை அவளிடமே கொடுத்தார். அந்தக் காசை அவள் செலவழித்துவிட்டாள், எதற்கு என்று நினைவில்லை, பஸ்ஸுக்காக இருக்கும். அந்தக் கை எங்கே போயிற்று. ஒரு கை தன் வேலையை எத்தனை வருஷம் நினைவில் வைத்திருக்கும். சத்தம் வராமல் தட்டு வைக்கவும் கதவு சாத்தவும் பழகின கைக்குப் பழையது மறந்துபோகுமா. அதைத் தெரிந்துகொண்டால் போதும். தெரியாமல் ஒவ்வொரு நாளும் டம்ளரைத் தூக்குவதுதான் அலுப்பு.

"வாங் அம்முணி, சுட்டே பாத்துருங்" என்று சென்னியப்பன் கடைக்குப் பின்னால் இருந்த நீளமான நடைக்குக் கூட்டிப்போனார். இரண்டு பக்கமும் கேரம் போர்டு, கோப்பைகள் அடைத்த அட்டைப்பெட்டிகள், கடைசியில் ஒரு தகரப் பெட்டி, அதன் முன்னால் வட்டம் போட்ட காகிதம். ஒரு மேசை, சாக்கு மடித்துப் போட்டது. தொண்டாமுத்தூர்க்காரரும் டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றுகொண்டார். யாரும் பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்கும், ஆனால் போங்கள் என்று எப்படிச் சொல்வது. முதலில் சின்னது. இருமலை அடக்கின மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அவள் மனம் உடனே ஜன்னலுக்கு ஓடியது. தெர்மோகோல், கறுப்புத் தாள், அதற்கு அந்தப் பக்கம் அவன் வாயைத் திறந்து தூங்குகிற முகம். இந்தச் சத்தம் அங்கே போகாது. ஆனால் காகிதத்தில் ரவைகள் ஒன்று மேலே, ஒன்று மூலையில், ஒன்று காகிதத்திலேயே இல்லை. "அது அப்படித்தானுங், பொம்மை மாதிரி" என்றார் சென்னியப்பன், "உங்க தப்பில்லை." அடுத்து மரக்கட்டை. இதில் தெரிந்துவிடும். அவள் மேசையில் முழங்கையை ஊன்றினாள், கட்டையைத் தோளுக்குள் இழுத்தாள், இடது கையால் முன்கட்டையைக் கவ்விப் பிடித்தாள், இறுக்கு, இன்னும் இறுக்கு. டப்பென்று வெடித்து, கட்டைக்குள் ஸ்பிரிங் அதிர்ந்து, தகரம் டங் என்றது. அனிச்சையாக அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள், யாராவது எழுந்துவிட்டார்களா என்று. தொண்டாமுத்தூர்க்காரர் முகம் மலர்ந்து, "இதானுங், இதானுங் எனக்கு வேணும்" என்றார். சென்னியப்பன், "தகரத்துச் சத்தந்தான் அதுல பாதி. பெட்டிக்குள்ள பழைய துணி திணிச்சிட்டா அமுங்கிரும்" என்றார். பழைய துணி. மிக்ஸிக்கு அடியில், கதவிடுக்கில், கட்டில் காலுக்குக் கீழே. வீட்டில் பழைய துணி எல்லாம் தீர்ந்துபோயிற்று. காகிதத்தைப் பார்த்தாள். வட்டத்துக்கு இடது பக்கம், வெகு தூரம். இன்னொன்று. வலது கீழே. இன்னும் இறுக்கினாள். மேலே. பொம்மைத் துப்பாக்கி போட்டதைவிட மோசமாக, யாரோ விளையாட்டாக ஆணி குத்தினது போல.

ஆக, அந்தக் கை போய்விட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும் போல இருந்தது, உட்கார்ந்தாள். கால் வலித்தது. எத்தனை நாளாக இப்படி உட்காரவில்லை, வீட்டில் நாற்காலிகூடத் தரையில் கிறீச்சிடும் என்று இழுப்பதில்லை. "டீ சொல்லட்டுங்களா?" என்றார் சென்னியப்பன். "வேண்டாங்க." இந்த முறை அவருக்குக் கேட்டதா இல்லையா தெரியவில்லை. சின்னதையே வாங்கிக்கொண்டு போய்விடலாம். குறி இல்லாத கைக்குக் குறி இல்லாத துப்பாக்கி, சத்தமும் வராது, அவனும் சந்தோஷப்படுவான், பப்பாளி மரத்தடியில் நின்று காகிதத்தில் எங்காவது சுட்டுக்கொண்டிருக்கலாம், ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. அதுவும் ஒரு பொழுதுபோக்குத்தான். ஆனால் சுவரில் எத்தனை நாள் அந்தச் சிதறின ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது. எதுவும் வாங்காமல் போய்விட்டால்? அப்போது பஸ்ஸில் நின்றுகொண்டே போக வேண்டும், போய் அரிசி களைய வேண்டும், அரிசி விழுகிற சத்தம்கூடக் கேட்காமல் பாத்திரத்தைச் சாய்த்து. சின்னதே போதும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மரக்கட்டைத் துப்பாக்கியை எடுத்துத் துடைக்கப் போன சென்னியப்பன், "அடடா, இது மடக்கி, ரவையும் போட்டு வெச்சிருக்குதே அம்முணி. நீங்களா போட்டீங்க?" என்றார். அவள்தான் போட்டிருந்தாள், நான்காவதுக்கு, பழக்கத்தில். "மடக்குனதை அப்படியே விட்டா ஸ்பிரிங் படுத்துக்குமுங். அதை மட்டும் சுட்டு முடிச்சிருங், அப்பறம் எதுன்னு சொல்லுங்."

எழுந்திருக்கும்போது கைப்பையில் போன் நடுங்கியது. அவளுடைய போனுக்கும் குரல் கிடையாது, நடுக்கம் மட்டும்தான். லோகு. இந்நேரத்துக்கு அவன் எழவே மாட்டானே. என்ன விழுந்தது, எதை மறந்தேன், காஸ், கதவு, மோட்டார். "கௌசி, எங்க இருக்க?" தூக்கம் ஒட்டின குரல். "டவுன்லங்க. சொல்லிட்டுத்தானே வந்தேன். என்னாச்சு, யாராச்சும் கேட்டத் தட்டினாங்களா?" "இல்ல. யாரும் இல்ல. சத்தமே இல்ல, அதான் முழிச்சிட்டேன் போல. நீ இருந்தா ஏதாவது கேட்டுட்டே இருக்கும்ல." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது கேட்டுட்டே இருக்கும். கரண்டியால் தூக்கிப் பிடித்த வெயிட், துண்டு சுற்றின மிக்ஸி, துப்பட்டாவுக்குள் போட்ட தும்மல், எல்லாமே கேட்டிருக்கிறது. இத்தனை நாளும் அவள் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் அவன் காதுக்குள் போய், அதன்மேல் தலைவைத்து அவன் தூங்கியிருக்கிறான். கோபப்படலாமா சிரிக்கலாமா என்று யோசிக்கக்கூடத் தெம்பு இல்லை. தோள் இரண்டும் தொங்கிப் போயின. "லைன்லயே இரு, தண்ணி எடுத்துக்கறேன்" என்றான் அவன். போனில் கட்டில் கிறீச்சிட்டது, ஃபிரிட்ஜ் கதவு திறந்தது. அவன் எவ்வளவு சத்தம் போடுகிறான். அவள் போனை அட்டைப்பெட்டிமேல் வைத்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கினாள். இதை முடித்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். முழங்கையை ஊன்றினாள், ஊன்றக்கூட இல்லை, வைத்தாள். முன்கட்டை இடது உள்ளங்கையில் கிடந்தது. கவ்வுவதற்குக் கையில் பலமில்லை. தோளில் அது சும்மா சாய்ந்திருந்தது, பஸ்ஸில் பக்கத்தில் தூங்கி விழுகிறவர்களின் தலை மாதிரி. கன்னத்தை வைத்தாள். காகிதம் தெரிந்தது, வட்டம் தெரிந்தது, எதுவும் ஆடவில்லை. விரல் எப்போது வளைந்தது என்று அவளுக்கே தெரியாது. டப். கட்டை உள்ளங்கையில் ஒரு முறை பின்னால் நழுவி நின்றது. டங்.

"நடுவுல" என்றார் தொண்டாமுத்தூர்க்காரர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. கௌசிகா குழலை மடக்கினாள், ரவை போட்டாள். தற்செயலாக இருக்கலாம். மறுபடியும் பிடிக்காமல் பிடித்தாள். கட்டை நழுவுவதைக் கவனித்தாள். ரவை குழலை விட்டுப் போவதற்குள் உள்ளே ஸ்பிரிங் ஒரு குதி குதிக்கிறது. இறுக்கினால் அந்தக் குதி கோணலாகப் போகிறது, விட்டுவிட்டால் தன் பாட்டுக்குக் குதித்துவிட்டு ரவையை நேராக அனுப்புகிறது. மதுக்கரையில் சொல்லிக்கொடுத்ததும் தப்பில்லை, அது வேறு துப்பாக்கி. கை போகவில்லை. எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துப் பிடித்து அதற்குத் தளர்த்தத் தெரியாமல் போயிற்று, அவ்வளவுதான். டப், டங். முதல் ஓட்டையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. இன்னொன்று. டப், டங். மூன்றும் சேர்ந்து ஒரே ஓட்டையாக, கிராம்புப் பூ மாதிரி விரிந்திருந்தது. சென்னியப்பன், "இதையே கட்டிரட்டுங்களா? ஆனா அம்முணி, சத்தம்..." என்று இழுத்தார். அப்போதுதான் அட்டைப்பெட்டிமேல் இருந்த போன் பேசுவது கேட்டது. எத்தனை நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தானோ. "கௌசி? கௌசி, என்ன சத்தம் அது?" ஒண்ணுமில்லீங்க என்று நாக்கு எழுந்தது. பழகின இடத்துக்குப் போய் நின்றது. அவள் துப்பாக்கியை உள்ளங்கையில் அப்படியே கிடக்க விட்டாள். ரொம்பக் களைப்பாக இருந்தது, பொய் சொல்லக்கூட ஒரு தெம்பு வேண்டுமே.

"நான்தாங்க" என்றாள். கடைமுன்னால் யாரோ திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டது. பிறகு அடுத்த ரவைக்காகக் குழலை மடக்கினாள்.